இ-பைக் பேட்டரி தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது: நெருக்கமான குடியிருப்புகளில் சார்ஜ் போடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கழற்றி மாட்டும் லித்தியம் அயான் பேட்டரி உள்ள இ-பைக்கையோ ஸ்கூட்டரையோ அடுக்குமாடி வீட்டிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளிலும் வைத்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். புதிதாக வண்டி வாங்குபவர்களில் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். தீயணைப்பானும் தீப்பிடிக்காத பையும் முதலில் வந்துவிடுகின்றன. பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. வாசல் பக்கத்தில் பிளக் இருக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று அதுவும் முடிந்துபோகிறது.

வெளியேறும் வழியையே அடைத்துவிடும் என்பதால், உயிருக்கு ஆபத்தான இடம் அந்த வாசல்தான். சூடேறிய பேட்டரி ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் வீட்டில் இருக்கும் எதைக் கொண்டும் அதை நிறுத்த முடியாது. அதனால் முதலில் இடம், பிறகு எச்சரிக்கைக் கருவி, அதன் பிறகு சார்ஜரும் பேட்டரியும் பொருந்துகின்றனவா என்ற சோதனை, கடைசியாக அன்றாடப் பழக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தேவையான பொருட்கள்

200 வோல்ட் வரை டிசி அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. புகை எச்சரிக்கைக் கருவி, சார்ஜ் போடும் அறைக்கு ஒன்றும் படுக்கையறைக்கு வெளியே ஒன்றும். குறித்த நேரத்தில் தானாக அணையும் டைமர் பிளக் ஒன்று. அழியாத மை பேனா, ஒட்டும் தாள், மின்காப்பு டேப். பேட்டரியின் அடியில் இருக்கும் லேபிளையும் சார்ஜரின் லேபிளையும் தெளிவாகப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் படிகளில் சில அந்த இரண்டு படங்களை வைத்துத்தான் நடக்கும்.

1. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரியாமல் செய்யும் எதையும் பத்து நாளில் விட்டுவிடுவோம். அதனால் இதைச் சுருக்கமாகவாவது படித்துவிடுங்கள்.

36 வோல்ட் பேட்டரி ஒன்றில் விரல் பருமனுள்ள செல்கள் 40 இருப்பது வழக்கம். 48 வோல்ட்டில் 52 இருக்கும். ஏதோ ஒரு செல்லுக்குள் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டு வெப்பம் 80, 90 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், எதிர்மின்முனையின் மேல் படிந்திருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கும். 130 டிகிரியை ஒட்டி, இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு உருகும். அதற்குப் பிறகு செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகும், அது பற்றி அதன் அடுத்ததைப் பற்றவைக்கும்.

நேர்மின்முனைப் பொருள் சிதையும்போது ஆக்சிஜனையும் வெளிவிடும். ஆகவே போர்வையால் மூடினாலும் மணலைக் கொட்டினாலும் உள்ளே நடப்பது ஓயாது. வெளியே வரும் வெண்புகையில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எரியக்கூடிய வேறு வாயுக்களும் கலந்திருக்கும். மூடிய அறையில் அது தேங்கினால் வெடிக்கக்கூடும். நுரையீரலைப் புண்ணாக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் அதில் இருக்கும். முதல் சீறல் கேட்டதிலிருந்து அறை முழுக்கத் தீயாவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாமல் போகலாம்.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டின் தரைப்படம் ஒன்றைத் தாளில் வரையுங்கள். தூங்கும் இடங்களிலிருந்து வெளிக்கதவு வரை எல்லோரும் நடந்துபோகும் வழியைக் கோடு போட்டுக் காட்டுங்கள். பேட்டரியோ வண்டியோ அந்தக் கோட்டின் மேலும் இருக்கக் கூடாது, அதன் ஓரத்திலும் இருக்கக் கூடாது. நடை, வாசல், மாடிப்படியின் அடி, பொதுத் தாழ்வாரம் எல்லாம் இதில் அடங்கும். மாடிப்படியின் அடியில் வைப்பதுதான் இவற்றிலேயே கொடியது. புகை மேலே ஏறும் குழாயாகப் படிக்கட்டு மாறி, உங்கள் வீட்டோடு மேல்தளத்து வீடுகளின் வழியையும் அடைத்துவிடும்.

கட்டடத்துக்கு வெளியே, மழையும் நேர் வெயிலும் படாத இடம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், கதவை இழுத்துச் சாத்தக்கூடிய, யாரும் தூங்காத, வெளியேறும் வழியைத் தடுக்காத அறை. கதவு சாத்தியிருந்தாலே புகை மற்ற அறைகளுக்குப் பரவச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மூடிய பால்கனி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தீப்பிடித்தால் ஒதுங்கி நிற்க உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் பால்கனியாக இருந்தால், பேட்டரி அங்கே இருக்கக் கூடாது.

அறையைத் தேர்ந்தெடுத்த பிறகு, பேட்டரி வைக்கும் தரையைப் பாருங்கள். கல், ஓடு, சிமெண்ட் தரை நல்லது. சுற்றிலும் ஒரு மீட்டருக்குத் துணி, மெத்தை, அட்டைப்பெட்டி, எரிவாயு சிலிண்டர், பெயிண்ட் எதுவும் வேண்டாம். திரைச்சீலைக்கு அடியில் வைக்காதீர்கள். செல்கள் வெடிக்கும்போது எரியும் துண்டுகள் சில மீட்டர் தூரம் பறக்கும் என்பதால், ஒரு மீட்டர் இடைவெளி எல்லாவற்றையும் காப்பாற்றாது. முதல் சில நொடிகளில் நெருப்பு தொற்றும் இடத்தை மட்டுமே அது குறைக்கும்.

தீப்பிடிக்காத பை என்று விற்கப்படுவதை நம்பி இடத்தில் சமரசம் செய்ய வேண்டாம். அவற்றில் பல, கைப்பிடி அளவுள்ள சிறு பேட்டரிகளுக்காகச் செய்யப்பட்டவை. 500 வாட்-மணி பேட்டரி பற்றிக்கொண்டால் வெளிவரும் வாயுவுக்கும் வெப்பத்துக்கும் தையல் பிரிந்துவிடும்.

3. புகை எச்சரிக்கைக் கருவியை மாட்டுங்கள்

சார்ஜ் போடும் அறையின் கூரை நடுவில் ஒன்று, நீங்கள் தூங்கும் இடத்துக்கு வெளியே ஒன்று. இரண்டும் கம்பியில்லாமல் இணைந்து, ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும் வகையாக இருந்தால் நல்லது. சாத்திய கதவுக்குள் அடிக்கும் மணி, மறு அறையில் தூங்குபவரின் காதில் விழாமல் போகலாம்.

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்த அறைக்குச் சமையல் புகை வந்து கருவி ஓயாமல் அடிக்கிறதா? அதன் பேட்டரியைப் பிடுங்கிவிடாமல் இடத்தை மாற்றுங்கள்.

4. பேட்டரியின் சான்றைச் சரிபாருங்கள்

வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. வாங்கிவிட்டவர்களும் இப்போதே செய்யலாம். முழு வண்டியின் மின்னமைப்புக்கு யூஎல் 2849, பேட்டரிக்கு யூஎல் 2271, ஸ்கூட்டருக்கு யூஎல் 2272 என்பவை வட அமெரிக்கத் தரங்கள். ஐரோப்பாவில் வண்டிக்கு ஈஎன் 15194, பேட்டரிக்கு ஈஎன் 50604. இந்தியாவில் பதிவெண் பெறும் மின் இருசக்கர வாகனங்களுக்கு ஏஐஎஸ் 156. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக் கூடத்தின் சான்று இல்லாத இ-பைக்கையும் அவற்றின் பேட்டரியையும் விற்கக் கூடாது என்று சட்டமாகவே ஆக்கியிருக்கிறது.

ஏமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, "இந்தத் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது" என்ற வாசகம். விற்பவர் எழுதிக்கொள்ளும் வரி இது. யாரும் சோதித்ததாக இதற்குப் பொருளில்லை. இரண்டாவது, "சான்றுபெற்ற செல்கள்" என்ற வாசகம். செல்கள் தனித்தனியே நல்லவையாக இருக்கலாம். ஆனால் அவற்றை இணைத்த விதத்திலிருந்தும் தீ வரலாம். பேட்டரி முழுவதற்கும் சான்று இருக்க வேண்டும். மூன்றாவது, ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ முத்திரை. பல பொருட்களுக்கு அது தயாரிப்பாளரே தந்துகொள்ளும் உறுதிமொழிதான்.

உண்மையான சான்று முத்திரையோடு, சான்றளித்த நிறுவனத்தின் பெயரோ கோப்பு எண்ணோ இருக்கும். அதை அந்த நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டால், தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் உங்கள் லேபிளில் உள்ளதோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், சான்று இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய செல்களுக்குப் புது உறை போட்டுக் கட்டிய பேட்டரிகள் விலை குறைவாகக் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தயாரிப்பாளர் பெயர், வோல்ட், ஆம்பியர்-மணி, அதிகபட்ச சார்ஜ் மின்னோட்டம், வரிசை எண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று லேபிளில் விடுபட்டிருந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

5. சார்ஜரும் பேட்டரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பிளக் நுழைந்தால் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். ஒரே வட்ட முனை, ஒரே மூன்று கால் முனை 36, 48, 52 வோல்ட் சார்ஜர்கள் எல்லாவற்றிலும் வருகிறது. முனைக்கும் வோல்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பேட்டரியின் பெயரில் இருக்கும் வோல்ட் சராசரி அளவு. சார்ஜர் லேபிளில் "அவுட்புட்" என்ற இடத்தில் இருப்பது, முழுதாக நிரம்பும்போது வரும் வோல்ட். இரண்டு எண்களும் வேறாகத்தான் இருக்கும். சாதாரண லித்தியம் அயான் செல் ஒன்று 4.2 வோல்ட்டில் நிரம்பும். தொடரில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, எத்தனை செல் இருக்கிறதோ அதனால் பெருக்கினால் சார்ஜரின் எண் வந்துவிடும் (பக்கவாட்டில் சேர்த்த செல்களின் குழு இதில் ஒரு செல்லாகவே எண்ணப்படும்; 40 செல் பேட்டரி 10 செல் தொடராவது அப்படித்தான்):

36 வோல்ட் பேட்டரி, 10 செல் தொடர்: சார்ஜர் 42.0 வோல்ட்
48 வோல்ட் பேட்டரி, 13 செல் தொடர்: சார்ஜர் 54.6 வோல்ட்
52 வோல்ட் பேட்டரி, 14 செல் தொடர்: சார்ஜர் 58.8 வோல்ட்
72 வோல்ட் பேட்டரி, 20 செல் தொடர்: சார்ஜர் 84.0 வோல்ட்

60 வோல்ட் என்று விற்பதில் 16 செல் தொடரும் உண்டு, 17 செல் தொடரும் உண்டு. முதலாவதற்கு 67.2, இரண்டாவதற்கு 71.4. இதை ஊகிக்கக் கூடாது. பேட்டரியின் லேபிளில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை வேறு கணக்கு. அதன் செல் 3.65 வோல்ட்டில் நிரம்பும். 16 செல் தொடருக்குச் சார்ஜர் 58.4 வோல்ட். இதையும், மேலே சொன்ன 13 செல் தொடரையும் கடைகளில் 48 வோல்ட் என்றுதான் சொல்வார்கள். இந்த 58.4 சார்ஜரை 54.6 வோல்ட்டில் நிரம்ப வேண்டிய பேட்டரியில் செருகினால், ஒவ்வொரு செல்லும் 4.49 வோல்ட் வரை தள்ளப்படும். அந்த நேரத்தில் பேட்டரிக்கும் தீக்கும் நடுவே நிற்பது பிஎம்எஸ் என்ற பாதுகாப்புப் பலகை ஒன்று மட்டுமே. அது பழுதாகியிருந்தால் தடுக்க எதுவும் இல்லை.

ஆம்பியரும் முக்கியம். லேபிளில் அதிகபட்ச சார்ஜ் மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றிருந்தால், சீக்கிரம் நிரம்பட்டும் என்று 5 ஆம்பியர் சார்ஜரைப் போடாதீர்கள். டெலிவரி வேலை செய்பவர்களுக்கு இந்த ஆசை வருவது புரிகிறது. 15 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜரில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும், வேலை காத்திருக்காது. அதற்குப் பாதுகாப்பான வழி, வேக சார்ஜுக்குச் சான்றுபெற்ற பேட்டரியோ, அதே தயாரிப்பாளரின் இரண்டாவது பேட்டரியோதான்.

பொருத்தம் உறுதியானதும் இரண்டிலும் ஒட்டும் தாளில் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள்: சார்ஜரில் "54.6 – சிவப்பு வண்டி", பேட்டரியிலும் "54.6 – சிவப்பு வண்டி". வீட்டில் இரண்டு வண்டி வந்த நாளிலிருந்து இந்தத் தாள்தான் உங்கள் முதல் பாதுகாப்பு. அவசரத்தில் செருகுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

6. மல்டிமீட்டரால் மூன்று அளவுகள் எடுங்கள்

மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். கம்பியை ஆம்பியர் துளையில் செருகியிருக்கவே கூடாது. அப்படியே பேட்டரியைத் தொட்டால் அது நேரடிக் குறுக்குச் சுற்று. இரண்டு முட்களும் ஒன்றையொன்று தொடாமல் பிடியுங்கள். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முதல் அளவு: சார்ஜரின் வெளியீடு, பேட்டரியில் செருகாமல். 54.6 வோல்ட் சார்ஜர் 54.4 முதல் 54.8 வரை காட்டலாம். 55-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரை இனி பயன்படுத்தாதீர்கள். சில சார்ஜர்கள் பேட்டரியோடு இணைந்த பிறகே மின்சாரம் விடும், அவை பூஜ்யம் காட்டினால் அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது: பச்சை விளக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பேட்டரியின் வோல்ட். 54.6-க்கு 0.2, 0.3 வோல்ட் போலக் கீழே இருப்பது இயல்பு. பச்சை வந்தும் 53 வோல்ட்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு செல் குழு மற்றவற்றை முந்தி நிரம்பி, பிஎம்எஸ் சார்ஜைப் பாதியில் துண்டித்திருக்கிறது. செல்கள் சமநிலை இழந்துவிட்டன என்பதற்கு இது அடையாளம். சோதனைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது: வண்டியில் மாட்டாமல் ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் அதே அளவு. இதைத்தான் யாரும் எடுப்பதில்லை; மூன்றிலும் அதிகம் சொல்வது இதுதான். நல்ல பேட்டரி ஒரு வாரம் சும்மா கிடந்தால் அளவு ஏறக்குறைய அசையாது. அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு செல் தன்னையே தின்றுகொண்டிருக்கலாம். செல்லுக்குள் உருவாகும் குறுக்குச் சுற்றைப் பிஎம்எஸ்ஸால் தடுக்க முடியாது. அதன் சின்ன ஆரம்பம் வெளியே தெரிய இந்த இறக்கம்தான் வழி.

அளக்கும்போதே சார்ஜ் முனையையும் கூர்ந்து பாருங்கள். பித்தளை மஞ்சளாகப் பளபளக்க வேண்டும். முள்ளைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, ஓரம் மெழுகுபோல் வழிந்து நின்றாலோ, பச்சைப் பொடி படிந்திருந்தாலோ, அங்கே இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது.

7. சார்ஜ் போடும் ஒழுங்கு

வண்டி ஓட்டி வந்தவுடன் செருகாதீர்கள். ஓடிய பேட்டரி உள்ளே சூடாக இருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். செல்களைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யலாம். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாக எதிர்மின்முனையில் படியும், அந்தப் படிவு ஊசிபோல் வளர்ந்து சவ்வைத் துளைக்கக்கூடும். குளிரில் நின்ற வண்டியின் பேட்டரியை உள்ளே கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வரும் வரை ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருங்கள்.

சார்ஜரைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தளர்ந்த தொடர்பு ஒன்று சூடேறிப் பிடிக்கும் தீயும் கடைசியில் பேட்டரித் தீயாகவே முடியும். சார்ஜரையும் பேட்டரியையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்காதீர்கள். சார்ஜர் தன் வெப்பத்தை விட வேண்டும். அதன் மேல் துணி, பை கிடக்கக் கூடாது.

முதலில் எதைச் செருகுவது என்று பலர் கேட்பார்கள். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். எதைச் செருகினாலும் முனையைச் சாய்க்காமல் நேராக ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுங்கள். பாதி செருகிய முனையில்தான் பொறி பறந்து பித்தளை கருகுகிறது.

டைமரைக் கணக்குப் போட்டு வையுங்கள். பேட்டரியின் ஆம்பியர்-மணியைச் சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து, வரும் மணியோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர்-மணி, 2 ஆம்பியர் என்றால் 5 மணி, சேர்த்து 6 மணி. கடைசிப் பகுதியில் மின்னோட்டம் தானாகக் குறைவதால் அந்தக் கூடுதல் நேரம் தேவை. பாதி காலியான பேட்டரிக்குப் பாதி நேரம் போதும். பச்சை விளக்கு வராமல் டைமர் அணைவது ஒரு தடவை நடந்தால் பரவாயில்லை. தொடர்ந்து நடந்தால் பேட்டரியைச் சோதியுங்கள்.

விழித்திருக்கும் நேரத்தில், வீட்டில் இருக்கும்போது சார்ஜ் போடுங்கள். இரவு வேலைக்காரர்களுக்கு இது எளிதில்லை என்று தெரியும். ஆனால் மேலே சொன்ன ஒரு நிமிடம், தூங்குபவருக்குக் கிடைப்பதில்லை. நிரம்பியதும் கழற்றிவிடுங்கள்.

நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பாதி அளவில் வையுங்கள்: 48 வோல்ட் பேட்டரி 48-ஐ ஒட்டி, 36 வோல்ட் பேட்டரி 37-ஐ ஒட்டி. நிரம்பிய பேட்டரி தீப்பிடித்தால் வேகமும் வெப்பமும் கூடுதல். முற்றிலும் காலியாக விட்டால் அது வேறொரு ஆபத்து, அடுத்த பகுதியில் வருகிறது. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

8. விழுந்தால், நனைந்தால், செத்துக் கிடந்தால்

கல் தரையில் விழுந்த பேட்டரி, விபத்தில் அடிபட்ட பேட்டரி ஆகியவற்றை அன்றைக்கே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நசுங்கிய செல் உடனே பற்றலாம், பல மணி நேரம் கழித்தும் பற்றலாம். திறந்த வெளியில், சுவரிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் தள்ளி வைத்து, மறுநாள் பாருங்கள். உறை வீங்கியிருந்தால், விரிந்து வண்டியின் தாங்கியில் நுழைய மறுத்தால், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனிப்பு வாடை வந்தால், யாரும் தொடாமலே சூடாக இருந்தால், அதை இனி சார்ஜ் போடவே கூடாது. வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சேவை மையத்தில் காட்டாமல் சார்ஜ் வேண்டாம்.

தண்ணீர் நிதானமாக வேலை செய்யும். மழையில் சாதாரணமாக ஓட்டியதால் பெரிய கேடில்லை. வெள்ளத்தில் மூழ்கியதும் அழுத்தக் குழாயால் கழுவியதும்தான் பிரச்சினை. உள்ளே புகுந்த ஈரம் பிஎம்எஸ் பலகையையும் செல் இணைப்புகளையும் அரித்து, நாட்கள் கழித்துக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். வெயிலில் காயவைத்து, மறுபடி ஓடுகிறது என்று திருப்திப்படுவது இங்கே பெருந்தவறு. மூழ்கிய பேட்டரி கழிக்க வேண்டிய பேட்டரி. வண்டியைக் கழுவும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் கிடந்து முற்றிலும் இறங்கிய பேட்டரியை "உயிர்ப்பிக்க" முயலாதீர்கள். செல் ஒன்று 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போனால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றாகும். 48 வோல்ட் பேட்டரியில் 32 வோல்ட்டுக்குக் கீழும், 36 வோல்ட்டில் 25-க்குக் கீழும் காட்டினால் சார்ஜரை எடுக்காதீர்கள். பிஎம்எஸ் சார்ஜை ஏற்க மறுக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. அதைத் தாண்டி நேரடியாகச் செல்களுக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்ற வேண்டாம்.

9. கைவைக்கக் கூடாதவை

உறையைத் திறந்து ஒரு செல்லை மட்டும் மாற்றுவது: பழையதும் புதியதும் கலந்தால் அவை ஒன்றாக நிரம்பாது, ஒன்றாக இறங்காது. பலவீனமான குழு ஒவ்வொரு சுற்றிலும் எல்லை மீறும்.

இரண்டு பேட்டரிகளை ஒய் வடிவக் கம்பியால் சேர்ப்பது: ஒன்று 54 வோல்ட்டிலும் மற்றது 48 வோல்ட்டிலும் இருந்தால், இணைத்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் பாயும். அதற்கென்று செய்த கட்டுப்படுத்தும் பலகை இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

வேகத்துக்காகக் கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை) மாற்றுவது: 15 ஆம்பியருக்குக் கட்டிய பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் இழுத்தால், செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைகளில் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் வெப்பம் கூடும்.

பிஎம்எஸ்ஸை விலக்கி நேரடி இணைப்புக் கொடுப்பது பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. செய்யாதீர்கள்.

10. ஒரே இடத்தில் பல பேட்டரிகள்

டெலிவரி ஊழியர்கள் சேர்ந்து தங்கும் அறைகளிலும், கட்டடத்தின் பொதுச் சார்ஜ் இடங்களிலும் விதி ஒன்று கூடுகிறது: ஒரு பேட்டரியின் தீ அடுத்ததற்குப் போகக் கூடாது. பேட்டரிகளுக்கு நடுவே ஒரு மீட்டராவது விடுங்கள். அது முடியாவிட்டால் ஒரே நேரத்தில் சார்ஜ் போடும் எண்ணிக்கையைக் குறையுங்கள். மர அலமாரியில் அடுக்காதீர்கள். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனிச் சுவர் பிளக் வேண்டும், அந்த வரிசையின் மொத்தச் சுமையை எலெக்ட்ரீஷியன் பார்த்திருக்க வேண்டும். 54.6 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் ஒன்று ஏறக்குறைய 300 வாட் இழுக்கும். பத்து சார்ஜர் என்றால் 3 கிலோவாட், மணிக்கணக்காக ஓய்வில்லாமல்.

குடியிருப்போர் சங்கம் இ-பைக்கை முற்றாகத் தடைசெய்தால், மக்கள் பேட்டரியைத் துணியில் சுற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோவார்கள். தடைக்குப் பதில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, கூரையும் சரியான மின்னிணைப்பும் உள்ள சார்ஜ் இடத்தை அமைத்துக் கொடுப்பதே பலன் தரும்.

11. சீறல் கேட்டால்

அடையாளங்கள்: பட்பட் என்ற வெடிப்பு, குக்கர் வெயிட் தூக்கும் முன் வருவது போன்ற சீறல், வெண்புகை. உடனே எல்லோரையும் எழுப்பி வெளியேற்றுங்கள். போகும்போது அந்த அறைக் கதவையும் வீட்டுக் கதவையும் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். லிஃப்ட் வேண்டாம். வெளியே வந்து தீயணைப்புத் துறையை அழைத்து, எரிவது லித்தியம் பேட்டரி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

புகைவிடும் பேட்டரியைத் தூக்கி வெளியே எறிய ஓடாதீர்கள். கையிலேயே வெடிக்கும். அதோடு வெளியேறும் வழி நெடுகத் தீயைக் கொண்டுபோனதாகவும் ஆகும்.

பொடித் தீயணைப்பான் சுவாலையை ஒரு கணம் அடக்கும், செல்லைக் குளிர்விக்காது, மறுபடி பற்றும். உலோகத் தீக்கென்று விற்கப்படும் டி வகைத் தீயணைப்பானும் இதற்குரியதில்லை. குளிர்விப்பது தண்ணீர்தான். அதையும் நிறைய, நீண்ட நேரம், புகையைச் சுவாசிக்காதபடி முகக்கவசமும் காற்றுக் கலமும் அணிந்தவர்கள் அடிக்க வேண்டும். தீ அணைந்த பிறகும் அந்தப் பேட்டரி மணிக்கணக்கில், சில வேளை நாட்கள் கழித்தும் மறுபடி பற்றலாம். தீயணைப்பு வீரர்கள் எடுத்துப்போகும் வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

12. பழைய பேட்டரியைக் கழிப்பது

வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தியில் நசுங்கி அங்கே எரியும். விற்ற கடையிலோ, பேட்டரி வாங்கும் மறுசுழற்சி மையத்திலோ கொடுங்கள். எல்லா முனைகளிலும் மின்காப்பு டேப் ஒட்டுங்கள். நல்ல நிலையில் உள்ளதை முடிந்த அளவு இறக்கிவிட்டுக் கொண்டுபோகலாம்.

வீங்கியதையும் அடிபட்டதையும் ஓட்டியோ சார்ஜரில் போட்டோ பார்க்காமல், வெளியே உலோகத் தொட்டியில் உலர்ந்த மணலின் மேல் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயுவுக்கு வழி வேண்டும். பேருந்திலோ ரயிலிலோ கொண்டுபோகாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். மையத்தை முதலில் தொலைபேசியில் அழைத்து, சேதமான பேட்டரி என்று சொன்னால் எப்படிக் கொண்டுவருவது என்று வழி சொல்வார்கள், சிலர் வந்து எடுத்துக்கொள்வார்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லும் அறிவுரையை 36, 48 வோல்ட் பேட்டரியில் கடைப்பிடித்தால் ஹைட்ரஜனும் குளோரினும் கொப்பளித்து வெளிவரும். மையத்தில் கொடுக்கும்போது வாசலில் வைத்துவிட்டு வராமல், பொறுப்பானவர் கையில் கொடுத்து, என்ன ஆனது என்பதைத் தாளில் எழுதிப் பேட்டரியிலேயே ஒட்டிவிடுங்கள்: "நீரில் மூழ்கியது", "கீழே விழுந்தது", "வீங்கியிருக்கிறது".